உங்கள் அக்காவின் தொண்டையும் முதலாண்டுக் கணக்கு வகுப்பும்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது.

நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. ஆரம்பத்திலேயே பொய் வேண்டாமே என்று அதை விட்டுவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று போன் பேசினாலும் அவள் காதில் விழும். கெட்டது தொண்டைதான், காது இல்லை. அதனால் மாடிப்படிக்கு அடியில் ஸ்டூலைப் போட்டு, மடியில் பலகை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வயது காரணமில்லை, நிமிர்ந்தால் படி தலையில் இடிக்கிறது. சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்கா வேலையை விடப்போகிறாள். திங்கட்கிழமை எழுதிக் கொடுக்கப் போகிறாளாம். நீங்கள் உடனே கிளம்பி வந்து அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும். ஏன், எதற்கு என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். பேருந்தில் வரும்போது படித்துக்கொள்ளலாம்.

அவள் குரலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் அதற்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்ததாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். கல்லூரியில் முதலாண்டுக் கணிதம் என்றால் இத்தனை வருஷமாக அவள்தான். மைக் இல்லாமல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். கடைசி பெஞ்சைத் தாண்டியும் கேட்கும். பக்கத்து அறையில் வேதியியல் நடத்துகிறவர் ஒருநாள் வாசலில் வந்து நின்று, “நீங்க முடிச்சதும் சொல்லுங்க மேடம், அப்புறம் நான் ஆரம்பிக்கிறேன்” என்றாராம். மறுநாள் நடத்த வேண்டிய பாடத்தை முதல்நாள் சாயங்காலமே சமையலறையில் எனக்கு நடத்திப் பார்ப்பாள். நான் காய் நறுக்குவேன், அவள் நடத்துவாள். மின்சார அலுவலகத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு நுண்கணிதம் எதற்கு என்று கேட்காதீர்கள், நானும் கேட்டதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் குரல் ஒருநாள் காலையில் இல்லை. காற்றுதான் வந்தது. தொண்டை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் இரண்டிலும் காய்ப்புக் காய்த்திருக்கிறது, வருஷக்கணக்காகக் கத்துகிறவர்களுக்கு வருவதுதான் என்றார். “பேசவே கூடாதும்மா. குசுகுசுன்னு பேசறது இன்னும் மோசம். நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. இல்லாட்டி ஆபரேஷன்ல போய் நிக்கும். அப்புறம் குரல் எப்படி வரும்னு நான் சொல்ல முடியாது” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “வீட்ல நீங்கதான் பாத்துக்கணும் சார்” என்றார். “இதுவரைக்கும் யாராலயும் முடிஞ்சதில்ல டாக்டர்” என்றேன். டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

விடுப்பு எடுக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நானும் சொன்னேன். அவள் ஒரு தாளை எடுத்து, “பௌதிகக்காரர் என்ன ஆனார்?” என்று எழுதிக் காட்டினாள். அவள் கோபத்தில் எழுதினால் எழுத்து பெரிதாக இருக்கும், அன்று பக்கம் முழுக்க அந்த மூன்று வார்த்தைதான். பௌதிகக்காரர் என்பவர் அவளோடு வேலை பார்த்தவர். முதுகுவலி, நிற்க முடியவில்லை என்று சொன்னார். கல்லூரியில் ரொம்பப் பரிதாபப்பட்டு அவரை ஆய்வுக்கூடத்துப் பொருளறையில் உட்காரவைத்தார்கள். இன்றுவரை குடுவை எண்ணிக்கொண்டிருக்கிறார். முதுகு சரியாகிவிட்டது, வகுப்பு திரும்பக் கிடைக்கவில்லை. ஆகவே குரல் போன விஷயம் கல்லூரியில் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்று முடிவு செய்தாள். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் பேசுகிறவர்கள், ஒருத்தி பேசாததை யாரும் கவனிக்கவில்லை. தொந்தரவு துறைத்தலைவரால்தான். அவருக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்யாவிட்டால் தூக்கம் வராது. எனக்குச் சட்டென்று பொய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். முதல் நாள் “குளிச்சுக்கிட்டு இருக்காங்க சார்” என்றேன். அது நன்றாக வேலை செய்ததால் வேறு பொய் தேடவில்லை. எப்போது போன் வந்தாலும் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். “உடம்புக்கு எதாவது பிரச்சினையா சார், இவ்வளவு நேரம் குளிக்கிறாங்க?” என்று அவரே கவலைப்படும் அளவுக்குப் போய்விட்டது.

சரி, பேசாமல் எப்படி வகுப்பு நடத்துவது? பலகையில் ஒரு கேள்வியை எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாளாம். முன்பெல்லாம் அவள் கேள்வி கேட்டால் அவளே அடுத்த மூச்சில் பதிலையும் சொல்லிவிடுவாள். இது எனக்கு நன்றாகத் தெரியும், வீட்டிலும் அப்படித்தான். மாணவர்களும் அதற்குப் பழகியிருந்தார்கள். கொஞ்சம் குனிந்து உட்கார்ந்தால் போதும், பதில் தானாக வந்து சேரும். அன்று குனிந்தே கிடந்தார்கள், பதில் வரவில்லை. ஒருவன் இருமினான். அந்த அறையில் மின்விசிறிக்குச் சத்தம் உண்டு என்பதே அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்ததாம். மறுநாளும் இதே கதை. மூன்றாம் நாள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒருவன் எதற்கெடுத்தாலும் வாதாடுகிறவன், ‘வக்கீல்’ என்று பட்டப்பெயர். இன்னொருத்தி வருஷம் முழுக்க வாயைத் திறக்காத பெண், அவளை ‘சைலன்ட்’ என்று கூப்பிடுகிறார்கள். உங்கள் அக்கா உள்ளே ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் வாசலில் அகப்பட்டுக்கொண்டேன்.

“சார், மேடம் எங்க மேல கோபமா இருக்காங்களா?” என்றான் வக்கீல்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. என்கிட்டயும்தான் பேசறதில்ல.”

“உங்ககிட்டயுமா? எப்பலேர்ந்து சார்?”

“உங்ககிட்ட பேசாத நாள்லேர்ந்துதான்.”

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்களால வீட்லயும் பிரச்சினையா சார்?” என்றாள். நான் என்ன சொல்வது? கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அதை அவர்கள் ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை மச்சான். உண்மையைப் பேசியே ஒரு குடும்பத்தின் மானத்தை வாங்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த நாள் வகுப்பில் நடந்ததை அவள் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டினாள். இவள் போய் வழக்கம்போலக் கேள்வியை எழுதிவிட்டு நின்றவுடன் வக்கீல் எழுந்து, போன மாச அசைன்மென்ட்டை வகுப்பே ஒரே ஆளைப் பார்த்துத்தான் எழுதியது என்று ஒப்புக்கொண்டான். இவளால் பேச முடியாது, பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னொருவன் எழுந்து வராதவனுக்கு ப்ராக்ஸி கொடுத்ததைச் சொன்னான். டஸ்டரை ஜன்னல் வழியாக எறிந்தவன், இவளைப் போலவே கையை ஆட்டிப் பேசிக்காட்டியவன், ஒவ்வொருவராக எழுந்தார்கள். இவள் பார்த்துக்கொண்டே நின்றாள், வேறென்ன செய்ய முடியும்? கடைசியில் சொல்லிக்கொள்ளக் குற்றம் எதுவும் பாக்கியில்லாமல் போனபோது அந்தச் சைலன்ட் எழுந்தாள். “மேடம், எனக்கு லிமிட்னா என்னன்னே இன்னிக்கு வரைக்கும் புரியல. புரிஞ்சுதான்னு நீங்க கேட்டப்பல்லாம் தலையாட்டினேன். மன்னிச்சிடுங்க” என்றாள். “எனக்கும்தான் மேடம்” என்று பின்னால் ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. அப்புறம் வகுப்பே. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. உங்கள் அக்கா வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவையாம். எல்லாவற்றையும் எழுதிவிட்டு அடியில், “எல்லாரும் தலையாட்டினாங்க” என்று மட்டும் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பிறகு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வழி என்ன வழி, வேறு போக்கில்லை. பலகையில் ஒரு கேள்வி, கூடவே மூன்று பதில். யாரையும் பார்க்காமல் தானே யோசித்து, நெஞ்சோடு ஒட்டினாற்போல ஒரு விரலோ இரண்டு விரலோ மூன்று விரலோ காட்ட வேண்டும். நெஞ்சோடு ஏன் என்றால், பக்கத்திலிருப்பவன் எட்டிப் பார்த்து மாற்றிக்கொள்ளக் கூடாது. ஒரு கேள்வியை எனக்கும் காட்டினாள். இரண்டு பேருந்துகள் ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. முதலாவது வேகமாகக் கிளம்பி வரவர வேகம் குறைகிறது. இரண்டாவது மெதுவாகக் கிளம்பி வரவர வேகம் கூடுகிறது. இரண்டின் வேகத்தையும் கோடாக வரைந்தால் ஓரிடத்தில் வெட்டிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் எந்தப் பேருந்து முன்னால் இருக்கும்? இரண்டும் சேர்ந்தே என்றால் ஒரு விரல், முதலாவது என்றால் இரண்டு, இரண்டாவது என்றால் மூன்று. கோடு சேர்கிறதே, பேருந்தும் சேரத்தானே வேண்டும் என்று நான் ஒரு விரல் காட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. வகுப்பிலும் முக்கால்வாசிப் பேர் ஒரு விரல்தான் காட்டினார்களாம்.

முன்பு என்றால் இந்த இடத்தில் அவள் குரலெடுத்து விளக்கித் தள்ளியிருப்பாள். இப்போது முடியாது. அதனால், உன் விரலோடு ஒத்துப்போகாதவனைத் தேடிப் பிடித்து அவன் மனதை மாற்று என்று கையால் சைகை காட்டினாள். அவ்வளவுதான், சண்டை. அந்தச் சைலன்ட் பெஞ்சைத் தட்டிக் கத்தினாளாம்: “டேய், அது வேகம்டா, இடம் இல்ல! அதுவரைக்கும் முதல் பஸ்தான அதிக வேகத்துல போச்சு? அப்ப அதுதான முன்னாடி இருக்கும்?” வக்கீல் வாதாடிப் பார்த்துவிட்டு, தோற்றபின் தலையைச் சொறிந்துகொண்டு, “அப்படின்னா அந்த நேரத்துலதான் ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி இருக்கறதுலயே அதிகமா?” என்று கேட்டானாம். இத்தனை வருஷத்தில் ஒருத்தனும் இவளிடம் கேட்காத கேள்வி. நியாயமாகச் சந்தோஷப்பட வேண்டும். எழுதிக் காட்டும்போது அவள் முகம் செத்துக் கிடந்தது. “ஆமாம்டான்னு சொல்ல வாய் துடிச்சுது. சொல்ல முடியல” என்று எழுதினாள்.

அந்தச் சண்டை நடந்த நேரம் பார்த்துத்தான் துறைத்தலைவர் அந்தப் பக்கம் வந்தார். கெட்ட நேரம் சொல்லிக்கொண்டா வரும்? “என்ன சந்தை இது? மேடம், பாடம் நடக்குதா இல்லையா?” என்று வாசலிலிருந்தே கேட்டார். இவள் சாக்கட்டியை எடுத்துப் பலகையில் “நடக்கிறது” என்று எழுதினாள். அதை அவர் தன்னை அவமதித்ததாக எடுத்துக்கொண்டு, நேராகத் தன் அறைக்குப் போய் எனக்குப் போன் செய்தார். “உங்க வீட்டம்மா க்ளாஸ்ல சும்மா நிக்கிறாங்க. என்ன ஆச்சு அவங்களுக்கு?” என்று கேட்டார். என் வாய் பழக்க தோஷத்தில், “குளிச்சுக்கிட்டு இருக்காங்க சார்” என்றது. “சார், நான் இப்பதான் அவங்களை க்ளாஸ்ல பாத்துட்டு வரேன்” என்றார். நான் போனை வைத்துவிட்டேன். வேறென்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு இன்டர்னல் டெஸ்ட் வந்தது. எல்லாப் பிரிவுக்கும் ஒரே வினாத்தாள். உங்கள் அக்காவின் வகுப்பு மற்ற எல்லாப் பிரிவையும் முந்திவிட்டது. எந்த வீட்டிலும் இது நல்ல செய்தி, எங்கள் வீட்டில் அப்படி எதுவும் நேரடியாக வருவதில்லை. கேள்வி முன்பே வெளியே போயிருக்கிறது என்று துறைத்தலைவர் சந்தேகப்பட்டார். தானே ஒரு வினாத்தாள் தயாரித்து, தானே அந்த வகுப்பில் நின்று மறுபடி பரீட்சை வைத்தார். அதிலும் அதே மாதிரி எழுதினார்கள். உடனே, இந்த வருஷத்துப் பிள்ளைகள் இயல்பாகவே கெட்டிக்காரர்கள் என்று கண்டுபிடித்தார். பிடித்த முயலுக்கு மூன்று கால். அதற்குப் பின் மாணவர்களிடம் ஃபீட்பேக் வாங்கினார்கள். அவர் இவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒன்றொன்றாகப் படித்துக் காட்டினாராம். ‘மேடம் நல்லவங்க. ஆனா எதுவும் சொல்லித் தரல. நாங்களேதான் புரிஞ்சுக்கிட்டோம்.’ வார்த்தை மாறியிருக்கலாம், அநேகமாக எல்லாரும் எழுதியது இதுதான். ஒருத்தருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது மச்சான், மனதில் பட்டதை எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் அது அவளுக்கு அப்படி உறைத்தது. வீட்டுக்கு வந்து அந்த மூன்று வரியை எழுதிக் காட்டிவிட்டு, விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டுக் காய்ப்பு வற்றிவிட்டது, ஆபரேஷன் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்றார். அவள் வாயைத் திறந்தாள். நானும் டாக்டரும் காத்திருந்தோம். என்னைப் பார்த்து, “வீட்டுச் சாவி எடுத்தீங்களா?” என்றாள். நான் டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன். சாவியை எடுக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

அன்றைக்குச் சாயங்காலம் சமையலறையில் பாடம் நடந்தது. குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது, இருந்தால் என்ன? நான் தேவைக்கு மேல் காய் நறுக்கிவிட்டேன். மறுநாள் கல்யாணத்துக்குப் போகிறவளைப் போலக் கிளம்பினாள். வகுப்பில், குரல் போயிருந்தது, அதனால்தான் பேசவில்லை, வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். “அப்ப எங்க மேல கோபம் இல்லையா மேடம்?” என்றான் வக்கீல். இல்லை என்றாள். “அப்ப இனிமே நீங்களே எல்லாத்தையும் சொல்லிடுவீங்களா? அப்பாடா!” என்றான். வகுப்பே கைதட்டியதாம், பிரியமாகத்தான் தட்டினார்கள். தட்டி முடித்துவிட்டு எல்லாரும் நோட்டைத் திறந்தார்கள். இவள் நடத்தினாள். தன் வாழ்நாளிலேயே நன்றாக நடத்தியது அன்றுதான் என்கிறாள். புரிந்ததா என்று கேட்டாள். “சூப்பரா புரிஞ்சுது மேடம்” என்றார்கள். அந்தச் சைலன்ட் தலையாட்டினாள். சரி என்று உங்கள் அக்கா அப்போது நடத்தியதிலிருந்தே ஒரு கேள்வியைப் பலகையில் எழுதி விரலைக் காட்டச் சொன்னாள். பாதிக்கு மேல் தப்பு.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “நான் பேசினா அவங்களுக்குப் புரியல. பேசாம நின்னா என்னால தாங்க முடியல. நடுவுல நான் எதுக்குங்க?” என்றாள்.

எனக்கு ஆறுதல் சொல்லி வராது. “ஒரு நாள்ல என்ன ஆயிடப்போகுது, விடு” என்றேன்.

“ஒரு நாளா? இத்தனை வருஷம் நான் பேசினதெல்லாம் யாருக்குங்க புரிஞ்சுது?”

“நான் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்.”

“உங்களுக்குப் புரிஞ்சுதா?”

“இல்ல.”

“நீங்களும் தலையாட்டினீங்களே” என்றாள். உள்ளே போய் வேலையை விடுவதாக எழுத உட்கார்ந்துவிட்டாள்.

மச்சான், ஒளிக்காமல் சொல்கிறேன். விட்டுவிடட்டுமே, அந்தக் குரல் முழுக்க நம் வீட்டுக்கே கிடைத்துவிட்டுப் போகிறது என்று எனக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது. அடுத்த நிமிஷமே பயம் வந்துவிட்டது. வகுப்பு இல்லாத அவளை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். அது குரல் போனதைவிட மோசம். என் பேச்சைக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. தம்பி சொன்னால் கேட்பாள். நீ நின்றதால்தான் அவர்கள் யோசித்தார்கள், அதுவும் பாடம் நடத்தியதுதான் என்று யாராவது அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பார்த்தேன், சொன்னது நான் என்பதால் அது எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படியாவது வந்து சேருங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லும் தைரியத்தோடு வளரட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வரவுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அக்காவின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. இன்று காலை கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து, “தொண்டை மறுபடியும் போயிடுச்சு” என்று எழுதிக் காட்டினாள். நான் பதறிப்போய் டாக்டருக்குப் போன் போட்டேன். போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, “போகல. போயிடுச்சுன்னு வகுப்புல காட்டிக்கப்போறேன்” என்று எழுதினாள். பேச முடிந்தும் பேசாமல் நின்றால் சொல்லித்தராமல் ஏமாற்றுகிறாள் என்பார்களாம். பாவம், மேடத்தால் பேச முடியவில்லை என்றால் அவர்களே உட்கார்ந்து யோசிப்பார்களாம். எழுதி வைத்திருந்ததைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போயே விட்டாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள், உங்கள் அக்கா வேலையை விடவில்லை. மாணவர்கள் கேட்டால் அவளுக்குக் குரல் வரவில்லை என்று சொல்லுங்கள், துறைத்தலைவர் கேட்டால் குளித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லுங்கள். “சரி, வீட்லயாவது பேசுவியா?” என்று வாசல்வரை பின்னாலேயே போய்க் கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே எழுதித் தந்தாள்: “வீட்ல பேசிப் பழகினா வகுப்புல வாய் தவறிடும். பரீட்சை முடியற வரைக்கும் பொறுத்துக்கங்க.” அதனால் மச்சான், அவளுக்காக நீங்கள் வர வேண்டியதில்லை. எனக்காக வாருங்கள். இந்த வீட்டில் பேச ஆள் இல்லை.